அடுத்த கோடு தள்ளித்தான் விழும்

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். நீயும் பதில் ஸலாம் சொல்லிவிட்டு அப்புறம் படி. கோபத்தில் இருந்தாலும் பதில் ஸலாம் கடமைதான். இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நேரில் பேசிப் பார்த்தாயிற்று. நான் வாயைத் திறந்தாலே "மாத்திரை போட்டீங்களா அத்தா" என்று எழுந்து போய்விடுகிறாய். பஸ்ஸில் கண்டக்டராகக் காலமெல்லாம் கத்திக் கத்தியே பேசிப் பழகியவன் நான். அறுபது பேர் நெருக்கிக்கொண்டு நிற்கும் வண்டியில் என் குரல் டிரைவர் சீட் வரைக்கும் கேட்கும். சொந்த வீட்டில், சொந்த மகன் காதில் ஏறவில்லை. அதனால்தான் உன் அக்கா மேசைமேல் வைத்துவிட்டுப் போன பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருக்கும். ஊசி குத்திய கை, பொறுத்துக்கொண்டு படி.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா ஜெயங்கொண்டத்திலிருந்து வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து நீங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், தூங்கவில்லை. மெல்லிய கடல்பாசித் தகட்டில் உப்புகள் தாமாகவே கோலம் போடுவதை ஆராயும் ஒரு பேராசிரியர் தூர ஊரிலிருந்து உன்னைப் படிக்கக் கூப்பிட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்று அவள் வாயால்தான் தெரிந்துகொண்டேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கேட்டதற்கு நீ சொன்னாய்: "நான் போவலக்கா. அத்தாவ இந்த நெலமைக்கு ஆக்குனதே நான்தான். ஆக்கிட்டு நான் பாட்டுக்கு எங்கயோ போயி வளையம் எண்ணிக்கிட்டு ஒக்காரவா?" பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பேச்சு அன்றிலிருந்து என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அந்த நோன்பு மாதத்தை நாம் இரண்டு பேரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. இப்போது நான் பேசுகிறேன். நீ திருச்சியில் எம்.எஸ்ஸி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வரும்போது ஒரு பை நிறைய பாட்டிலும் கண்ணாடித் தட்டுமாகக் கொண்டுவந்து இறக்கினாய். என்னடா இது என்று கேட்டதற்கு என்னை உட்கார வைத்து விளக்கினாய். ஓர் உப்பைக் கலந்து மெல்லிசாகப் பாசி மாதிரி ஒன்றை உறைய வைப்பது, நடுவில் இன்னோர் உப்பைச் சொட்டு விடுவது, அது பாசிக்குள் மெல்ல ஊர்ந்து போய் மற்றதைச் சந்திக்கிற இடத்தில் படிவு விழுவது. நான் சிரித்தேன். "ஊத்துனா பரவத்தானே செய்யும். இதுல என்னடா அதிசயம்?" என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "பரவுறது அதிசயமில்ல அத்தா. பரவுறது மொழுகுன மாதிரி ஒரே திட்டா வரணும். வரல. ஒரு வளையம், அப்பறம் வெறும் எடம், அப்பறம் இன்னொரு வளையம்னு விட்டு விட்டு வருது. யாரும் கோடு கிழிக்கல" என்றாய். அப்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கடிதம் எழுத எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

கல்லூரியில் நீ வைத்துச் செய்தது ஜெலட்டின் தூள். அதை பிரிட்ஜில் வைக்கப் போனபோது உன் அம்மா கையைப் பிடித்தாள். "இது எதுலேர்ந்து எடுக்கறது?" என்றாள். "எலும்பு, தோலு, அதுலேர்ந்தும்மா." "எதோட எலும்பு?" உனக்குத் தெரியவில்லை. "எதோட எலும்புன்னு தெரியாதத நோம்பு நேரத்துல என் பிரிட்ஜுல வெக்காத" என்று முடித்துவிட்டாள். ஹலாலா ஹராமா என்று உனக்கே தெரியாதபோது அவளிடம் என்ன வாதாட முடியும். நீயும் முணுமுணுத்துக்கொண்டே அவள் நோன்பு திறக்கக் காய்ச்சும் கடல்பாசியையே எடுத்துக்கொண்டாய். கடல்பாசியில் வெள்ளி உப்பு ஒழுங்காக வளையம் போடாது, ஈய உப்புதான் போடும் என்று தேடிப் பிடித்துச் சொட்டு விடுகிற உப்பையும் மாற்றினாய். உன் அம்மாவுக்கு ஒரே பெருமை. என் கடல்பாசி காலேஜுக்குப் போகுது பாரு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பையில் வந்த கண்ணாடித் தட்டுகளில் ஒன்று பஸ்ஸிலேயே விரிசல் விட்டிருந்தது. அதற்குப் பதிலாக வீட்டுப் பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து, ஆரஞ்சு நிற உப்பைக் கலந்து பாசியை உறைய வைத்தாய். ஈயச் சொட்டு இன்னும் விடவில்லை. பார்ப்பதற்கு அம்மா ஆரஞ்சு எசன்ஸ் ஊற்றிச் செய்கிற கடல்பாசிக்கும் அதற்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னாய், அக்காவிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறாய். கல்யாணமான நாளிலிருந்து தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடித்தவன் நான். நான் என்றைக்கு பிரிட்ஜைத் திறந்தேன்.

அன்றைக்குத் திறந்தேன். பாங்கு சொல்லி, பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்து முடித்தாயிற்று. அம்மாவும் அக்காவும் உள்ளே தொழுதுகொண்டிருந்தார்கள். நீ பள்ளிவாசலுக்குப் போயிருந்தாய். குன்னத்து வெயிலில் நாள் முழுக்க பஸ்ஸில் கத்திய தொண்டை, குளிர்ச்சியாக ஏதாவது கேட்டது. கண்ணுக்கு நேராக இருந்த தட்டை எடுத்து ஒரு கரண்டி வெட்டி வாயில் போட்டேன். பாதி விழுங்கிய பிறகுதான் கசப்பு தெரிந்தது. மீதியைத் துப்பினேன். நீ திரும்பி வந்தபோது நான் வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பெரம்பலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் பைக்கை உன் மாமா ஓட்ட, பின்னால் என்னைக் கட்டிப்பிடித்தபடி நீ அந்த உப்பின் பெயரையும் அளவையும் ஓதுகிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாய், டாக்டரிடம் மறந்துவிடக் கூடாது என்று. கொஞ்ச நாள் படுக்க வைத்து, ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்து, நல்லாயிருக்கீங்க பாய், போங்க என்று அனுப்பினார்கள். நான் பிழைத்து வந்துவிட்டேன். நீதான் அந்தப் படியிலேயே நின்றுவிட்டாய்.

மிச்ச உப்பையெல்லாம் கல்லூரியில் ஒப்படைத்தாய். எப்படியோ பரீட்சை எழுதினாய். அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் லேபில் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் கொண்டுவந்து கொட்டுகிற சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துச் சோதித்துக்கொண்டிருக்கிறாய். கல்லைச் சோதிப்பது கேவலம் என்று நான் சொல்லவில்லை. அது நீ ஆசைப்பட்ட வேலை இல்லை, அவ்வளவுதான். அடுத்த நோன்பிலிருந்து நம் வீட்டில் கடல்பாசி காய்ச்சுவது நின்றது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்து அம்மா தானாக நிறுத்திக்கொண்டாள்.

இப்போது சிறுநீரகம் போய்விட்டது. நீ நினைப்பது இதுதான்: அந்தக் கரண்டிதான் இதைச் செய்தது. நான் டாக்டரிடம் நேருக்கு நேர் கேட்டேன், நீ வெளியே மருந்து வாங்கப் போயிருந்தபோது. அவர் பழைய சீட்டுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தார். "உங்க சர்க்கரை எத்தன வருஷமா ஏறிக் கெடந்துச்சுன்னு தெரியுமா பாய்? முட்டி வலிக்குன்னு நீங்களா வாங்கி முழுங்குன மாத்திரைக்குக் கணக்கு இருக்கா? அது போதும், வேற எதையும் தேட வேணாம்" என்றார். அது உண்மை. வண்டியில் இருக்கும்போது ஒதுங்க இடம் கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் கழித்த நாட்களை நீயும் அறிவாய். நான் விடவில்லை. அந்த ஒரு கரண்டி கொஞ்சம்கூட ஒன்றும் செய்திருக்காதா என்று கேட்டேன். "சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா அப்ப எடுத்த டெஸ்ட்டுல ஒண்ணும் இல்ல" என்றார். உனக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை, அதனால் அவர் சொன்ன இரண்டையும் எழுதிவிட்டேன். சத்தியம் பண்ண அவரால் முடியாது, என்னால் முடியாது. நான்தான் காரணம் என்று சத்தியம் பண்ண உன்னாலும் முடியாது.

டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கும்போது எனக்கு வேறு வேலை இல்லை. அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண் செட்டிகுளத்துப் பிள்ளை, நல்ல பொறுமை. இது எப்படி வேலை செய்யுது என்று ஒருநாள் கேட்டேன். "நடுவுல மெல்லிசா சவ்வு இருக்குங்க பாய். இந்தப் பக்கம் உங்க ரத்தம், அந்தப் பக்கம் சுத்தமான தண்ணி. கழிவு தானா அந்தப் பக்கம் போயிடும்." யாரு தள்றது என்றேன். "கழிவ யாரும் தள்ள வேணாங்க. நெறைய இருக்கற எடத்துலேர்ந்து கொறச்சலா இருக்கற எடத்துக்குப் போறது அதோட கொணம்" என்றாள். எனக்கு உன் பேச்சு ஞாபகம் வந்தது. நீ அன்று தட்டில் காட்ட நினைத்த அதே பரவல்தான் வாரம் தவறாமல் என்னை உயிரோடு வைத்திருக்கிறது. நீயோ கதவுக்கு வெளியே நின்று, உன் படிப்பு என்னைக் கொல்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எழுந்து வந்து உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. கையில் ஊசி இருந்தது.

அதனால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வெகு நாள் முன்பே, நானே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ அழுதுகொண்டே சொன்னாயே, இதையே பேதி உப்பும் அமோனியாவும் வைத்து விஷமில்லாமல் செய்திருக்கலாம் அத்தா என்று. அது என் மண்டையில் இருந்தது. மருந்துக் கடையில் பேதி உப்பு வாங்கினேன். அம்மாவைக் கெஞ்சி, இத்தனை வருடத்துக்குப் பிறகு கடல்பாசி வாங்க வைத்தேன். அமோனியாவுக்கு, லீவு நாளில் வந்து போகும் அக்காவைப் பிடித்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள்தானே. "இது மூக்குல ஏறுனா எரியும். நான்தான் ஊத்துவேன், நீங்க தள்ளிப் போங்க" என்று என்னை மிரட்டினாள். பேதி உப்பைக் கலந்த பாசியைச் சோதனைக்குழாயில் முக்கால் வரை ஊற்றி உறைய வைத்து, மேலே அவள் அமோனியாவை விட்டு மூடினாள். என் பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், சுவரோரமாக, யார் கையும் படாத இடத்தில் வைத்தோம். யாரும் தொடக் கூடாது என்று வெளியே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

முதல் தடவை மொத்தமும் வெள்ளையாகக் கலங்கிப் போனது. உப்பின் அளவு தோதாக இல்லை என்றாள் அக்கா. இரண்டாவது தடவை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று குழாயை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். பாசி குழாயின் சுவரை விட்டுப் பிரிந்து, அமோனியா ஓரமாக வழிந்து எல்லாம் சிதறிவிட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "முட்டைய வெச்சிட்டுத் தூக்கித் தூக்கிப் பாத்தா கோழி குஞ்சு பொரிக்குமா அத்தா?" என்றாள். மூன்றாவது தடவை தொடவில்லை. டயாலிசிஸ் போவேன், வருவேன், குனிந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே தெளிந்த பாசி. அப்புறம் இன்னொரு கோடு. நீ சொன்னது உண்மை மகனே. யாரும் கிழிக்கவில்லை. அல்லாஹ்வுடைய வேலை என்று சொன்னேன். உடனே உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றிருந்தது. நீ வேலைக்குப் போயிருந்தாய்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மேலே கோடுகள் நெருக்கமாக இருந்தன. கீழே போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஏன் இப்படித் தள்ளித் தள்ளிப் போகுது, பக்கத்துலயே விழுந்தா என்ன என்று ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கேட்டேன், அந்த அடுப்படிப் பேச்சுக்குப் பிறகு. அவள் குனிந்து குழாயைப் பார்த்தாள். "ஒரு கோடு விழுறப்ப சுத்தியிருக்கற உப்பையெல்லாம் அது தன்கிட்ட இழுத்துக்குது அத்தா. பக்கத்துல ஒண்ணும் மிச்சம் இருக்காது. அங்க இன்னொண்ணு விழ முடியாது. உப்பு மிச்சம் இருக்கற எடமாப் பாத்து, தள்ளிப் போயித்தான் விழும்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது.

நான் உன்னை இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை. வயதும் நோயும் அப்படித்தான், பக்கத்தில் இருப்பதையெல்லாம் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். நைட் ஷிஃப்ட் முடித்து, கண் சிவக்க வந்து என்னைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போகிறாய். யாராவது சிநேகிதன் கூப்பிட்டால் போவதில்லை. பெண் பார்க்கலாமா என்றால் அப்புறம் பார்க்கலாம் என்கிறாய். என் பக்கத்திலேயே இருந்து நீ எதுவாகவும் உருவாகவில்லை. எனக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று எப்படி நினைத்தாய்?

பஸ்ஸில் எனக்குப் பிடிக்காத ஒரே ஆள் படியில் நிற்கிறவன். உள்ளேயும் வரமாட்டான், இறங்கவும் மாட்டான், ஏறுகிறவனுக்கும் வழி விடமாட்டான். நீ அப்படித்தான் நிற்கிறாய். என்னை யார் அழைத்துப் போவது என்று கேட்பாய். போன வியாழக்கிழமை உனக்கு ஷிஃப்ட் மாறிய அன்று, மாமா ஆட்டோவில் போய் வந்தோம் என்று சொன்னேனே, அது பொய். நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். சின்னப் பையன் ஒருத்தன் கண்டக்டர். "கண்டக்டர் பாயா? முன்னாடி வந்து ஒக்காருங்க" என்று சீட்டு பிடித்துக் கொடுத்தான். திரும்பி வரும்போது களைத்துத்தான் போனேன், மறைக்கவில்லை. அதனால் இனிமேல் வருவதற்கு மட்டும் மாமா ஆட்டோ எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இது நீ போனால் என்ன செய்வது என்ற பேச்சு இல்லை. பேசி முடித்தாயிற்று.

பயம் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் அது பெரிய பொய். நீ தூரத்தில் இருக்கும்போது எனக்கு ஏதாவது ஆனால், நம் வழக்கத்தில் மய்யித்தை வைத்துக் காத்திருப்பதில்லை. நீ வந்து சேர்வதற்குள் அடக்கிவிடுவார்கள். மூன்று பிடி மண் போட உனக்குக் கிடைக்காமல் போகலாம். ராத்திரி பகல் இதையே யோசித்தேன், அழுதேன். பிறகு அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லிவிட்டேன்: அவனுக்காக நேரம் தள்ளிப் போட வேண்டாம், அதை வைத்து அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் கூடாது. நீ வந்து அடக்கிய இடத்தில், கபர் பக்கத்தில் நின்று துவா செய். அது எப்போது செய்தாலும் எனக்கு வந்து சேரும்.

அங்கே போனால் ஒன்றை மட்டும் மறக்காதே. எதைக் கலந்து வைத்தாலும் மேலே எழுதி ஒட்டு. தெரிந்தவர்களுக்குச் சொன்னேன் என்று இருந்துவிடாதே. என்றைக்குமே பிரிட்ஜைத் திறக்காதவன் ஒருத்தன் எல்லா இடத்திலும் இருப்பான், அவனிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும், சாகக் கிடக்கிறவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்களே, "நான் ஏதும் தப்பு செஞ்சிருந்தா பொருந்திக்குங்க" என்று. அதை நீ என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டால் நான் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயந்தாய். நானும் நீ கேட்கட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். இனிக் காத்திருக்க எனக்கு நேரமில்லை. அந்தக் கரண்டி எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் மன்னித்துப் பொருந்திக்கொள்ள எதுவும் இல்லை. ஏதோ செய்திருந்தால், அதையும் சேர்த்து, முழு மனதோடு, அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்துப் பொருந்திக்கொண்டேன். இதை நாளைக்கு யாரும் உன்னிடம் திருப்பிக் கேட்க முடியாது, நீயே கேட்டுக்கொண்டாலும் செல்லாது.

இந்தக் கடிதத்தை உன் சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே வைக்கிறேன். படித்துவிட்டு பிரிட்ஜைத் திற. கீழ்த்தட்டில் அம்மா காய்ச்சிய கடல்பாசி இருக்கிறது, ஆரஞ்சு எசன்ஸ் ஊற்றியது. காலையில் அதிலிருந்து ஒரு கரண்டி, சர்க்கரையைப் பார்க்காமல், உனக்கு முன்னால் நானே எடுத்துத் தின்றிருக்கிறேன், வெட்டிய இடம் தெரியும். மீதி உனக்கு. தின்று முடித்துவிட்டு அந்தப் பேராசிரியருக்கு வருகிறேன் என்று எழுது. எழுதி அனுப்பியதும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். என் பழைய விசில் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. உள்ளே இருந்து இரண்டு தடவை ஊது, நான் புரிந்துகொள்கிறேன். ஒரு தடவை ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு தடவை ஊதினால் போகும்.